துப்பலில் முரசின் சேதி

போன மாதம் ஜேர்மனியில் இருக்கிற மச்சான் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். வெள்ளைப் பிளாஸ்ரிக் கட்டை, நடுவில் சின்னதொரு சாளரம், அதற்குள் இரண்டு கோடு. கொக்குவிலில் இருந்து ரொறன்ரோ வரைக்கும் எல்லாரும் பதறிப்போனார்கள். பெரியம்மா என் போனை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டா: “உது திரும்பக் கொரோனாவோ மோனை?”

கொரோனா இல்லை. பல் வைத்தியரிடம் வழக்கம்போலக் காட்டப் போன இடத்தில் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, அந்தத் துப்பலில் செய்த சோதனை அது. இரண்டு கோடு விழுந்தால் முரசுக்குள் அழிவு நடந்துகொண்டிருக்கலாம் என்று அர்த்தமாம். “துப்பலிலை பல்லு வருத்தம் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெரியம்மா எழும்பிப் போய் முற்றத்துச் செவ்வரத்தை அடியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தா. அவவுடைய கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். தமிழ்நாட்டில் ஈறு என்பதை நாங்கள் முரசு என்போம். “முரசு கரையுது”, “முரசாலை ரத்தம் வருது”, “பல்லு ஆடுது” என்று யாழ்ப்பாணத்தில் ஒரு வருத்தத்தை மூன்று பருவத்தில் மூன்று விதமாகச் சொல்வோம். நாலாவது பருவத்துக்குச் சொல் தேவையில்லை, பல்செட் வந்துவிடும். வயது போனால் பல் விழத்தான் செய்யும் என்று ஊரில் நம்புகிறார்கள். விழுவது வயதால் அல்ல. பல்லைத் தாங்கும் நாரும் என்பும் ஆண்டுக்கணக்காக அரிபட்டுப் போவதால்தான் விழுகிறது. முரசு நோய்க்குச் சூத்தைப் பல்லைப் போல வலிக்கத் தெரியாது. அதனால்தான் ஆட்கள் பல் ஆடத் தொடங்கிய பிறகே வருகிறார்கள்.

பல்லின் அடியில் படியும் ஊத்தை வெறும் சாப்பாட்டு மிச்சம் அல்ல, பசைபோல ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக வாழும் பற்றீரியாக் கூட்டம். அதை எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவும் காட்டினார்கள். நல்ல முரசுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாளில் இருந்து 21 நாளுக்குள் எல்லாருக்கும் முரசு சிவந்து வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்க ஒரு கிழமை அளவில் ஆறிவிட்டது. அந்த முதற் கட்டம் முழுவதும் மாற்றக்கூடியது. அதைத் தாண்டி வீக்கம் கீழே இறங்கி, பல்லைத் தாடை என்போடு கட்டி வைத்திருக்கும் நாரையும் அந்த என்பையும் தின்னத் தொடங்கினால், போனது திரும்பாது.

அதே லோ அடுத்து இலங்கைக்கு வந்தார். நியாயமாக இந்தக் கதை எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் இருந்திருக்க வேண்டும். 1970இல், மலையகத்தில் டன்சினேன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில், 14 தொடக்கம் 31 வயது வரையான 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாய்களை அவருடைய குழு சோதித்தது. எல்லாரும் ஆண்கள். பற்தூரிகை பிடித்துப் பழகாதவர்கள். பல் வைத்தியம் அவர்கள் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. பிறகு 1985 வரை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு பல்லிலும் எத்தனை மில்லிமீற்றர் பிடிப்புப் போயிருக்கிறது என்று அளந்தார்கள். கடைசி முறை மிஞ்சியவர்கள் 161 பேர். சிகிச்சை கிடைக்காத மக்களின் வாயை, நோய் தன்பாட்டுக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்கும் சாளரமாக விஞ்ஞானம் பயன்படுத்திக்கொண்டது. உலகத்தில் முரசு நோய் படிக்கிற எந்த மாணவரும் அந்தத் தோட்டத்து ஆட்களின் எண்களைப் படித்துத்தான் வெளியே வருகிறார். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

எண்கள் இவை. எல்லார் பல்லிலும் ஊத்தை, எல்லார் பல்லிலும் காரை (ஊத்தை கல்லாக இறுகியது), எல்லார் முரசிலும் வீக்கம். ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது. இருபது வயதில் பல் விழத் தொடங்கி, 35இல் 12 பல்லும் 40இல் 20 பல்லும் போய், 45 வயதில் வாய் வெறுமையானது. 81 சதவீதம் பேருக்கு நோய் மெல்ல நடந்து, 45 வயதில் சராசரி 7 பல் போயிருந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு முரசு சிவந்திருந்ததோடு சரி, பல் விழவேயில்லை. ஒரே லயன், ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஒரே ஊத்தை.

அப்படியென்றால் ஊத்தையைப் பார்த்து மட்டும் ஆளைப் பிரிக்க முடியாது. ஊத்தைக்கு ஒவ்வொருவரின் உடம்பும் எப்படிச் சண்டை பிடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இருபது வயதில் ஒருவர் வாயைத் திறக்கும்போது, இவர் அந்த எட்டிலா, எண்பத்தொன்றிலா, பதினொன்றிலா என்று எப்படிச் சொல்வது? உமிழ்நீரைத் தேடிப் போன ஆராய்ச்சிக்கெல்லாம் அடிக் கேள்வி இதுதான்.

பல் வைத்தியர் கையில் இருக்கும் பழைய ஆயுதம் மில்லிமீற்றர் குறி போட்ட மெல்லிய கம்பி ஒன்று. அதைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே மெதுவாக இறக்குவார். 3 மில்லிமீற்றருக்குள் நின்றால் நல்லது. 4, 5 என்று இறங்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. ஒழுங்காகச் செய்வதென்றால் ஒரு பல்லுக்கு ஆறு இடம், 28 பல்லுக்கு 168 அளவு. ஒருவர் அளக்க, மற்றவர் எழுத வேண்டும். வாசலில் நாற்பது பேர் துண்டோடு காத்திருக்கும் காலைக் கிளினிக்கில் இதை எல்லாருக்கும் செய்ய எந்த மனிதராலும் முடியாது.

நேரம் ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், கம்பி சொல்வது பழங்கதை. 6 மில்லிமீற்றர் என்றால் அந்த இடத்தில் எப்போதோ அழிவு நடந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் நடந்து அடங்கிவிட்டதா, இந்தக் கிழமையும் நடக்கிறதா என்று கம்பிக்குத் தெரியாது. எக்ஸ்ரேயும் அப்படியே, கரைந்து முடிந்த என்பைத்தான் காட்டும். குழியின் அடியில் கம்பி பட்டதும் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் இப்போதைய நிலைக்குக் கிடைக்கும் தடயம். அதுவும் ரத்தம் வராவிட்டால் நோய் அடங்கியிருக்கிறது என்று நம்பலாமே தவிர, வந்தால் அழிவு நடக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இனித் துப்பலுக்கு வருவோம். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தொடக்கம் ஒன்றரை லீற்றர் வரை சுரக்கிறது. அதில் 99 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள ஒரு சதவீதத்துக்குள் 2008இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களை எண்ணியிருக்கிறார்கள். காதுக்கு முன்னால் ஒரு சோடி, தாடைக்குக் கீழே ஒரு சோடி, நாக்கின் அடியில் ஒரு சோடி என்று பெரிய சுரப்பிகள் ஆறு. உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சுரப்பிகள்.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நடுவில் தொங்கும் மெல்லிய சவ்வு மடிப்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மொட்டுத் தெரியும். தாடைக்கீழ்ச் சுரப்பியின் வாய்க்கால் வந்து திறக்கும் இடம் அது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில்தான் காரை முதலில் கட்டும். காதோரச் சுரப்பி திறப்பது மேல் கொடுப்புப் பல்லுக்கு (கடைவாய்ப் பல்லுக்கு) எதிரே, கன்னத்தில். காரை கட்டும் அடுத்த இடம் அந்தப் பல்லின் வெளிப்பக்கம். “எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, அதுதான் பல்லிலை காரை” என்று யாழ்ப்பாணத்தில் சொல்லாத வீடு இல்லை. கேத்திலில் படிவதற்குக் கிணற்றைக் குற்றம் சொல்லலாம். பல்லில் படியும் கல்சியமும் பொசுபேற்றும் முக்கியமாக எங்கள் சொந்தத் துப்பலில் இருந்து வருகிறது. வாய்க்கால் வாயில் முதலில் கட்டுவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் முரசுச் சேதி இந்தச் சுரப்பிகளில் இருந்து வருவதில்லை. பல்லுக்கும் முரசுக்கும் இடையிலான இடுக்கில் ஒரு நீர் கசிந்துகொண்டே இருக்கும். நல்ல முரசில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு. முரசு வீங்கினால் அது பல மடங்கு பெருகும். குருதியில் இருந்து வடியும் நீரும், பற்றீரியாவோடு சண்டை பிடிக்க வந்த வெண்குழியங்களும், அந்தச் சண்டையில் உடைந்த இழையத்தின் துண்டுகளும் அதில் கலந்திருக்கும். இடுக்குக்குள் ஒரு சின்னக் கடதாசித் துண்டைச் செருகி அந்த நீரை உறிஞ்சி எடுத்துச் சோதிக்கலாம். ஆராய்ச்சிகூடங்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அதற்கும் கை பழக வேண்டும், ஒவ்வொரு பல்லாகச் செய்ய வேண்டும். எப்படியும் அந்த நீர் முழுக்க வழிந்து கடைசியில் துப்பலில்தான் கலக்கிறது. பிறகேன் இடுக்கிடுக்காகப் போவான்?

குடாநாட்டு ஆளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு சுலப வழி உண்டு. எங்கள் நிலம் சுண்ணக்கல். தோட்டத்துக்குப் போட்ட யூரியா நிலத்தடியில் இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாக ஏறும் கதை எல்லாருக்கும் தெரியும். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் சுற்றுவட்டாரத்தில் உரம் கூடிப்போச்சு என்று சொல்லலாம். யாருடைய வெங்காயத் தறையில் இருந்து வந்தது என்று சொல்ல முடியாது. துப்பல் கிணறு, பல் தறை. துப்பற் சோதனையின் பலமும் பலவீனமும் இதற்குள் அடங்கிவிடும். எந்த வாயில் நோய் என்று அது சொல்லும், எந்தப் பல்லில் என்று சொல்லாது.

மச்சானின் இரண்டு கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு நொதியம். எம்எம்பி-8 என்பது அதன் சுருக்கப் பெயர். பின்லாந்தில் ஹெல்சிங்கியைச் சேர்ந்த திமோ சோர்சாவும் அவருடைய குழுவும் பல பத்தாண்டு இதன் பின்னால் திரிந்தவர்கள். பல்லை யாரும் என்பில் ஆணி அடித்து வைக்கவில்லை. ஊஞ்சலைக் கயிற்றில் தொங்க விட்ட மாதிரி, கொலாஜன் நார்கள் பல்லின் வேரை என்போடு கட்டித் தாங்குகின்றன. அந்தக் கொலாஜனை வெட்டுகிற கத்தரிதான் எம்எம்பி-8. அதைக் கொண்டுவருவது பற்றீரியா இல்லை. எங்களைக் காக்க வருகிற நியூட்ரோபில் என்ற வெண்குழியம் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறது. இழையத்தினூடாக வழி வெட்டிப் போகவும், சேதமானதை அப்புறப்படுத்தவும் அதற்குக் கத்தரி தேவை. சண்டை முடியாமல் இழுபட இழுபட, ஊஞ்சல் கயிறும் அறுபடுகிறது. மலையகத் தொழிலாளர்களில் அந்த எட்டு வீதத்தின் வாய்க்குள் நடந்தது பற்றீரியாவின் படையெடுப்பு மட்டும் அல்ல, சொந்தப் படை அளவுக்கு மீறிச் சுட்டதும்தான் என்று இன்றைக்குப் பெரும்பாலும் விளங்கிக்கொள்கிறார்கள்.

இந்த நொதியம் உறைக்குள் கிடக்கும் கத்தரியாகவும் இருக்கும், உறை கழன்று வெட்டத் தயாரான கத்தரியாகவும் இருக்கும். சோதனை தேடுவது உறை கழன்றதை. ஒரு மில்லிலீற்றரில் 20 நனோகிராமைத் தாண்டினால் இரண்டாவது கோடு விழும்படி அமைத்திருக்கிறார்கள். செய்முறை சின்னது. முதலில் வெறுந்தண்ணீரால் ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். சற்றுப் பொறுத்து, தரும் 5 மில்லிலீற்றர் தூய நீரை அரை நிமிடம் வாய்க்குள் சுழற்றிக் குவளையில் துப்ப வேண்டும். அதை வடிகட்டிச் சில துளி விட்டால் ஐந்து நிமிடத்தில் முடிவு. அடையாளம் காணும் விதம் கொரோனாக் கட்டையினது போலத்தான். பெரியம்மா பயந்ததில் பிழை இல்லை.

சிகிச்சை எடுத்துக் காரையைச் சுத்தமாக்கிய பிறகு இந்த அளவு கிழமைக் கணக்கில் இறங்கும். போன என்பு திரும்பாது, கம்பி சொல்லும் ஆழமும் மெல்லத்தான் மாறும். ஆகவே சிகிச்சை பலிக்கிறதா என்று முந்தி அறிய இது உதவும். எனக்கு இதில் ஆகவும் பிடித்த பயன் இதுதான், ஆனால் பேசப்படுவது குறைவு.

துப்பலில் நோயைக் காட்டிக்கொடுக்கும் மற்றச் சுட்டிகளை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். வீக்கத்துக்குச் சேதி காவும் இன்ரலூக்கின் புரதங்கள், என்பு கரையும்போது வெளிவரும் கொலாஜன் துண்டுகள், துப்பலில் கலந்த ஈமோகுளோபின். கடைசியது ஆக மலிவு. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் பிடித்துவிடும். பற்றீரியாவின் மரபணுவை பிசிஆரில் தேடுவதும் உண்டு. 1998இல் சிக்மன்ட் சொக்ரான்ஸ்கி என்பவர் ஆழமான குழிகளில் சேர்ந்தே குடியிருக்கும் மூன்று பற்றீரியாக்களைச் சிவப்புக் கூட்டம் என்று பிரித்துக் காட்டினார். பிசிஆர் எங்களுக்கு அந்நியம் அல்ல. 2020இல் யாழ் மருத்துவ பீடத்து ஆய்வுகூடத்தில் கொரோனாவுக்காக இரவு பகலாக ஓடியது அதுதானே. ஆனால் அந்த மூன்றும் நோயில்லாத வாயிலும் கொஞ்சம் இருக்கும். கள்ளன் ஊரில் இருக்கிறான் என்பதற்காக களவு நடந்துவிட்டது என்று பொலிசுக்குப் போக முடியாது.

சரி, இந்தச் சோதனைகள் எவ்வளவு சரி? வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது, நல்ல சுட்டிகள் தனித்தனியாக 70 தொடக்கம் 80 சதவீத அளவில் நிற்கின்றன. நோய் உள்ள நூறு பேரில் எழுபத்தைந்து பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத நூறு பேரில் எழுபத்தைந்து பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைப்போம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

ஒரு வாசிகசாலையில் இலவச முகாம் வைத்து நூறு பேர் வருகிறார்கள், அதில் 20 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று கொள்வோம். சோதனை 15 பேரைப் பிடிக்கும், 5 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 80 பேரில் 20 பேருக்கும் இரண்டு கோடு விழும். மொத்தம் 35 பேர் முகம் வாடி நிற்பார்கள். அதில் 20 பேர் சும்மா வாடியவர்கள். இனி அதே சோதனையைச் சீனி வருத்தக்காரர் கிளினிக்கில், நூறில் 50 பேருக்கு முரசு நோய் இருக்கும் இடத்தில் வைப்போம். இரண்டு கோடு விழும் ஐம்பது பேரளவில் 37, 38 பேருக்கு உண்மையாகவே நோய். கட்டை அதே கட்டை, வாசல் மாறியதும் அதன் பேச்சுக்கு மதிப்புக் கூடிவிட்டது. இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. ஆனால் இந்தக் கணக்குத்தான், துப்பற் சோதனை யாழ்ப்பாணத்துக்கு வந்தால் எங்கே இருக்க வேண்டும் என்ற என் கட்சிக்கு அடித்தளம்.

என் கட்சி இது: அந்தக் கட்டைக்குப் பல் வைத்தியரின் மேசையில் பெரிய வேலை இல்லை. அவரிடம் கம்பி இருக்கிறது, கண் இருக்கிறது. பல் வைத்தியர் இல்லாத இடத்தில்தான் அதற்கு வேலை. மாதம் மாதம் கிளினிக் கொப்பியோடு சீனி மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் வரிசையில் நிற்கும் ஆட்களிடம் யாரும் “வாயைத் திறவுங்கோ” என்று கேட்பதில்லை. சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் முரசு வேகமாக அழியும். முரசு வீக்கம் நீடித்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். 2022இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, முரசுச் சிகிச்சை செய்து மூன்று நாலு மாதத்தில் எச்பிஏ1சி அளவு (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனை) சராசரி 0.43 சதவீதப் புள்ளி குறைவதாகக் கண்டது. இன்னொரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்டச் சமம். குருதி எடுக்கிற அதே தாதி ஒரு குவளையை நீட்டித் துப்பச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. கோடு இரண்டு விழுந்தவர்களை மட்டும் பல் கிளினிக்குக்குத் துண்டு எழுதி அனுப்பலாம்.

ஆனால் எங்கள் வாய்கள் ஹெல்சிங்கி வாய்கள் அல்ல. வெற்றிலை போடுகிறவரின் துப்பல் எப்போதும் சிவப்பு. முரசு நோயின் முதல் அறிகுறி, துலக்கும்போது கொப்பளித்த தண்ணீரில் தெரியும் ரத்தம். பெரியம்மா போன்றவர்களுக்கு அந்த எச்சரிக்கை நாற்பது வருடமாக வெற்றிலைச் சிவப்புக்குள் ஒளிந்துகொண்டே இருந்திருக்கிறது. நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லும் சோதனைக்கும் அந்தச் சாயம் இடைஞ்சல் தரும், சுண்ணாம்பு துப்பலின் காரத்தன்மையை மாற்றும். சோதனைக்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே வெற்றிலை, தேத்தண்ணி, சாப்பாடு, சுருட்டு எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்பார்களா என்பது வேறு கதை. புகைப்பவர்களுக்கு இன்னொரு விசித்திரம்: முரசின் குருதியோட்டம் குறைந்து, உள்ளே நோய் முற்றியிருந்தாலும் வெளியே ரத்தம் வராது. முரசு பார்க்க உறுதியாக, வெளிறி இருக்கும். ஈமோகுளோபினைத் தேடும் சோதனை அவர்களிடம் ஏமாறலாம்.

பிறகு துப்பலே வராத ஆட்கள். பிரஷர் மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, மன அழுத்த மாத்திரை என்று பல மருந்துகள் வாயைக் காயவைக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.1 மில்லிலீற்றருக்குக் கீழே சுரந்தால் அது காய்ந்த வாய். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியே, மாத்திரைப் பெட்டியோடு இருக்கும் வயதானவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? அவர்களிடம் குவளையை நீட்டினால் தடித்த, கொஞ்சத் துப்பல்தான் வரும். ஐதாக உள்ள துப்பலில் சுட்டி குறைவாகவும், தடித்ததில் கூடவும் தெரியும். அதனால்தான் குறித்த அளவு தண்ணீரால் கொப்பளிக்க வைக்கிறார்கள். இன்னொரு பொறி: பல் பாதி போனவருக்கு, மிஞ்சிய பற்களில் நோய் முற்றியிருந்தாலும், கசியும் இடுக்குகள் குறைவு என்பதால் மொத்த அளவு குறைந்து காட்டலாம். கட்டைக்கு எண்ணிப் பார்க்கத் தெரியாது.

வெக்கையையும் சொல்ல வேண்டும். துப்பலில் உள்ள நொதியங்கள் குழாய்க்குள் போன பிறகும் சும்மா இருப்பதில்லை, மற்றப் புரதங்களைத் தின்றுகொண்டே இருக்கும். ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதென்றால் எடுத்த கையோடு ஐஸில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வடமராட்சியில் எடுத்து மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் கொண்டுவருகிற துப்பல் வந்து சேரும்போது வேறு துப்பல். நின்ற இடத்திலேயே முடிவு சொல்லும் கட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் பக்கத்துப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குக்கூடப் புற்றுநோய் தரும் என்று 2004இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெளிப்படையாக வகைப்படுத்திவிட்டது. கொடுப்புக்குள் இருக்கும் வெள்ளைப் படையை, ஆறாத புண்ணை, வாய் திறபடாமல் இறுகுவதை எந்த முரசுக் கட்டையும் காட்டாது. துப்பினால் போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை என்ற வசதி வந்து, ஒரு கோடுதான் விழுந்தது, பல்லில் ஒன்றும் இல்லை என்று வெற்றிலை போடும் ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனால், அந்தச் சோதனை வராமலே இருந்திருக்கலாம். குவளை நீட்டுகிற தாதியின் மற்றக் கையில் ஒரு ரோச் லைற் இருக்க வேண்டும்.

போன கிழமை பெரியம்மாவைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று முறை கொப்பளிக்க வைத்த பிறகுதான் துப்பற் கோப்பையில் வெற்றிலைச் சிவப்பு அடங்கியது. பிறகு வைத்தியர் கம்பியை இறக்க, பக்கத்தில் நின்ற பிள்ளை எழுதத் தொடங்கினா. “ரண்டு, மூண்டு, ரண்டு. மூண்டு, மூண்டு, நாலு.” மேல் வலப்பக்கக் கொடுப்புப் பல்லில் கை நின்றது. “ஏழு.” அடுத்த முறை துப்பியபோது கோப்பையில் திரும்பவும் சிவப்பு. “இது வெத்திலை இல்லை அம்மா” என்றார் வைத்தியர். கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் அடியையும் லைற் பிடித்துப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. மச்சானின் இரண்டு கோட்டுப் படத்தைக் காட்டினேன். “உங்களுக்கு உது இப்பத் தேவையில்லை, ஏழு ஏழுதான். காரை எடுத்து மூண்டு மாசத்தாலை திரும்ப அளப்பம். இடையிலை அடங்குதோ எண்டு பாக்கிறதுக்கு உது இருந்தால் நல்லம்” என்றார்.

திரும்பி வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னா பெரியம்மா. எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“என்னை உப்பிடிப் பாக்காதை. பொயிலை வாங்கேல்லை” என்றா.